வாஷரை யார் மாற்றுவார்? சமூகப் பணிக்குக் கிளம்பும் மாணவப் பொறியாளர்களுக்கு

ஏழு குழாய்களைப் பொருத்தினோம், ரிப்பன் வெட்டினோம், குழுவாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டு விமானம் ஏறினோம். பதினோரு மாதம் கழித்து அதே மலைக்கிராமத்துக்குத் திரும்பிப் போனால், ஏழில் மூன்று ஒழுகிக்கொண்டிருந்தன. ஒன்றைச் சைக்கிள் ட்யூபால் சுற்றி இறுக்கியிருந்தார்கள். இன்னொன்றின் வாயில் மரக்கட்டையைச் சீவி அடைத்திருந்தார்கள். கட்டை அவ்வளவு கச்சிதமாகச் சீவப்பட்டிருந்தது. கைவேலை தெரிந்தவர் ஒருவர் அந்த ஊரில் இருந்திருக்கிறார். அவரை நாங்கள் தேடவே இல்லை.

காரணம் சின்னது. குழாயைத் திறந்து மூடும் திருகுகளை நாங்களே பெட்டியில் எடுத்துப் போயிருந்தோம், தரமானது என்று. எங்களுடையது அமெரிக்க மரை (இணைப்பில் சுற்றி ஏறும் பல்வரி), அந்த நாட்டில் புழங்குவது பிரிட்டிஷ் மரை. அரை அங்குலத்தில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரைதான். அதனால் முதல் மூன்று நான்கு சுற்று ஒழுங்காக ஏறி ஏமாற்றும். ஆனால் ஒன்றின் பல்லுக்குக் கோணம் 60 டிகிரி, மற்றதின் பல்லுக்கு 55 டிகிரி. டெஃப்லான் டேப்பை எவ்வளவு சுற்றினாலும் சில மாதத்தில் கசியும். உள்ளே இருந்த வாஷரும் அங்கே கிடைக்காத அளவு.

அப்போது நான் சிவில் மூன்றாமாண்டு. இப்போது மாணவக் குழுக்களின் வரைபடங்களைப் பார்த்துத் திருத்தும் வேலையும் சேர்ந்துவிட்டது. என்னிடம் வரைபடம் கொண்டுவரும் பிள்ளைகளிடம் கணக்கைப் பார்ப்பதற்கு முன்பே ஒன்று கேட்பேன்: "வாஷர் தேய்ஞ்சா யார் மாத்துவாங்க? அவர் பேர் என்ன?" பெயர் சொல்லத் தெரியாவிட்டால் வரைபடத்தைத் திறப்பதில்லை. கறாரான ஆள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன், பரவாயில்லை. கீழே உள்ளதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து பின்னோக்கி நடந்து நான் கற்றுக்கொண்ட வரிசை.

அழைப்பு யாருடையது?

எல்லைகளற்ற பொறியாளர்கள் என்ற பெயரில் பல நாடுகளில் அமைப்புகள் உள்ளன. அமெரிக்க அமைப்பின் தொடக்கக் கதை தெரிந்திருக்கும். கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்னார்ட் அமடேய் 2000-ல் பெலிஸ் நாட்டின் சான் பாப்லோ கிராமத்துக்குப் போனார். அங்கே சிறுமிகள் தண்ணீர் சுமப்பதால் பள்ளிக்குப் போவதில்லை என்பதைப் பார்த்தார். மாணவர்களோடு திரும்பிப் போய், பக்கத்து அருவியின் விசையிலேயே ஓடும் பம்ப் ஒன்றை அமைத்தார். 2002-ல் அமைப்பு பிறந்தது. இந்தக் கதையில் எல்லோருக்கும் அருவி பிடித்துப்போகிறது. எனக்குப் பிடித்தது, அவர் அங்கே போனதே அழைப்பின் பேரில்தான் என்பது.

"எங்க கிட்ட சோலார் பம்ப் டிசைன் இருக்கு, எந்த ஊர்ல போடலாம்?" என்று தொடங்கும் குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளியைத் தேடுவது. ஊர்க்குழுவோ உள்ளூர் அமைப்போ எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். என்ன தருவோம் என்றும் அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். உழைப்பு, மணல், இடம், கொஞ்சம் பணம், எதுவாகவும் இருக்கலாம். நீங்கள் உங்கள் பக்கத்தில் தர வேண்டியது காலம். குறைந்தது ஐந்து வருடம் அந்த ஊரோடு இருப்போம் என்று உங்கள் துறை சொல்ல முடியாவிட்டால், சின்ன வேலையாக, பக்கத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பயணத்தில் எதையும் கட்டாதீர்கள்

இதை யாரும் கேட்பதில்லை. இரண்டு வாரம் போகிறோம், நன்கொடை கொடுத்தவர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். முதல் பயணம் பார்க்க, அளக்க, கேட்க மட்டும்.

"தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்காதீர்கள், யார்தான் வேண்டாம் என்பார்கள்? நேற்று காலை எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பிறகு, தண்ணீர் சுமப்பவரோடு நடந்து போங்கள், நீங்களும் ஒரு 20 லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு. 20 கிலோ என்று நோட்டில் எழுதுவது வேறு, மேட்டில் நாற்பதாவது அடியில் கழுத்து நரம்பு புடைப்பது வேறு. பெண்களிடம் பெண்கள் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் ஊர்க்கூட்டத்தில் ஆண்கள் ஏழு குழாய்க்கும் இடம் காட்டினார்கள். மறுநாள் துணி துவைக்கும் இடத்தில் பேசியபோதுதான், அதில் இரண்டு இடங்களுக்கு இருட்டிய பிறகு பெண்கள் போகவே மாட்டார்கள் என்று தெரிந்தது.

ஊரில் ஏற்கெனவே செத்துக்கிடக்கும் திட்டங்களைத் தேடிப் பாருங்கள். துருப்பிடித்த அடிபம்பு, காலியான சிமென்ட் தொட்டி, பேட்டரி திருடுபோன சோலார் விளக்குக் கம்பம் என்று ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். "இது எப்ப நின்னுச்சு? அப்ப என்ன பண்ணீங்க?" இந்த இரண்டு கேள்விக்கு வரும் பதில், நூறு பேரிடம் எடுக்கும் சர்வேயைவிட அதிகம் சொல்லும். யாரிடம் ஸ்பேனர் இருக்கிறது, எந்த உதிரிபாகம் எங்கே கிடைக்கிறது, பணம் யார் கையில் நின்றது எல்லாம் அதில் வந்துவிடும்.

வாளியும் ஸ்டாப்வாட்சும்

மலை ஊற்றிலிருந்து கீழே ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலை எங்களுடையது. பம்ப் இல்லை, புவியீர்ப்பு மட்டும். ஊற்றின் வாயில் 20 லிட்டர் வாளியைப் பிடித்து நேரம் பார்த்தோம். 34 வினாடியில் நிறைந்தது. வினாடிக்கு 0.59 லிட்டர், நாளொன்றுக்கு ஐம்பதாயிரம் லிட்டருக்குச் சற்று மேல். ஊரில் 420 பேர். தலைக்கு 120 லிட்டர்! குதித்தோம். இவ்வளவு ஓடும்போது பெரிய தொட்டி எதற்கு என்று 2,000 லிட்டர் தொட்டி போதும் என முடிவெடுத்தோம்.

நாங்கள் போனது மழைக்காலம் முடிந்த கையோடு. கல்லூரி விடுமுறை அப்போதுதான்.

நல்லவேளை, அங்கிருந்த ஓர் ஆசிரியையிடம் வாளியையும் ஸ்டாப்வாட்சையும் விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை அளந்து அனுப்பச் சொல்லியிருந்தோம். கோடையின் கடைசி வாரத்தில் அவர் அனுப்பிய எண்: 95 வினாடி. அதாவது வினாடிக்கு 0.21 லிட்டர், நாளுக்குப் பதினெட்டாயிரம் லிட்டர், தலைக்கு 43. பேரிடர் முகாம்களுக்கான ஸ்பியர் தரநிலை தலைக்கு 15 லிட்டர் கேட்கிறது, அதனால் 43 என்பது மோசமில்லை. ஆனால் ஊர் மொத்தமும் அதிகாலை இரண்டு மணி நேரத்துக்குள் அன்றைய தேவையில் பாதியைப் பிடித்துவிடும். அது ஒன்பதாயிரம் லிட்டர். அந்த இரண்டு மணி நேரத்தில் ஊற்று கொடுப்பது ஆயிரத்து ஐந்நூறு. மீதி ஏழாயிரத்து ஐந்நூறு லிட்டரும் இரவில் தொட்டியில் சேர்ந்திருந்தால்தான் உண்டு. 2,000 லிட்டர் வரைபடத்தைக் கிழித்தோம். கட்டியது 10,000 லிட்டர்.

எந்த ஊற்றையும் ஓடையையும் கோடையின் கடைசியில் அளக்காமல் வடிவமைக்காதீர்கள். உங்கள் விடுமுறை அப்போது வராவிட்டால் ஊரில் ஒருவரிடம் வாளியைக் கொடுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு: அந்த ஆசிரியைதான் பின்னால் தண்ணீர்க்குழுவின் கணக்கரானார்.

உயரத்தை அளக்கும்போது கைபேசி ஜிபிஎஸ் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். இடம் ஓரளவு சரியாக இருக்கும், உயரம் பத்து மீட்டர்கூட முன்னே பின்னே போகும். பத்து மீட்டர் நீர்மட்ட வித்தியாசம் என்பது கிட்டத்தட்ட ஒரு பார் அழுத்தம் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). கொத்தனார்கள் பயன்படுத்தும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் போதும். மெதுவாகத்தான் போகும், ஆனால் பொய் சொல்லாது.

என்னிடம் வரும் வரைபடங்களில் அடிக்கடி பார்க்கும் பிழை ஒன்று. தண்ணீர் ஓடும்போது குழாயில் இருக்கும் அழுத்தத்தை அழகாகக் கணக்கிட்டிருப்பார்கள். நள்ளிரவில் எல்லாத் திருகும் மூடியிருக்கும்போது என்ன ஆகும் என்று பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊற்றுக்கும் கடைசிக் குழாய்க்கும் 85 மீட்டர் இறக்கம். தண்ணீர் நின்றுவிட்டால் அடியில் எட்டு பாருக்கு மேல். நாங்கள் வாங்க இருந்த எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) குழாய் தாங்குவது ஆறு பார். நடுவழியில் அழுத்தத்தை உடைக்கும் சிறு தொட்டி ஒன்றை வைக்கச் சொல்லி, எங்கள் வழிகாட்டிப் பொறியாளர் சிவப்பு மையால் வட்டம் போட்டார். உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடாத வரைபடத்தோடு எங்கும் போகக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பம்ப் தேவைப்படும் ஊர் என்றால் கணக்கு சுலபம். பத்தாயிரம் லிட்டரை 40 மீட்டர் ஏற்ற, கொள்கையளவில் 1.1 யூனிட் மின்சாரம் போதும். பம்ப், மோட்டார் எல்லாம் சேர்ந்து 40 சதவீதத் திறன் என்று வைத்தால் 2.7 யூனிட். சோலார் என்றால் பேட்டரி வைக்காதீர்கள். வெயில் அடிக்கும்போது ஓடி மேல்தொட்டியை நிரப்பட்டும். மேலே நிற்கும் தண்ணீரே உங்கள் பேட்டரி. அது சில வருடத்தில் சாகாது, யாரும் கழற்றிக்கொண்டு போகவும் மாட்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாதது

தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பது ஒரு சோதனை அல்ல. வங்கதேசத்தில் குளத்துத் தண்ணீரால் பரவிய வயிற்றுப்போக்கைத் தடுக்க 1970-களிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க்கிணறுகள் போட்டார்கள். நல்லெண்ணத்தில் குறையே இல்லை. 1993-ல்தான் அந்தத் தண்ணீரில் ஆர்செனிக் இருப்பது உறுதியானது. 1990-களின் இறுதியில் நடந்த பெரிய ஆய்வில், ஆழம் குறைந்த கிணறுகளில் 27 சதவீதம் அந்நாட்டு வரம்பான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ 10. ஆர்செனிக், ஃபுளோரைடு, நைட்ரேட், மலக்கிருமி நான்கையும் சோதிக்காமல் குழாயைத் திறக்காதீர்கள். குளோரின் போடுவதானால் முதலில் கலங்கலைக் குறையுங்கள். போட்டபின் அரை மணி நேரம் விட்டு, லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

கணக்கே போடாமல் மனம் மயங்கியதற்கும் உதாரணம் உண்டு. குழந்தைகள் சுற்றி விளையாடும் ராட்டினத்தால் தண்ணீர் இறைக்கும் ப்ளேபம்ப்பை 2006 வாக்கில் உலகமே கொண்டாடியது. ஒரு பம்புக்குச் சொல்லப்பட்ட 2,500 பேருக்கும் குறைந்தபட்ச அளவு தண்ணீர் எடுக்க, பிள்ளைகள் நாளுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009-ல் ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. பல ஊர்களில் வேலை செய்துகொண்டிருந்த அடிபம்பைக் கழற்றிவிட்டுத்தான் அதை வைத்திருந்தார்கள். பிறகு வயதான பெண்கள் அந்த ராட்டினத்தைக் கையால் தள்ளினார்கள்.

அதற்கு நேரெதிர், இந்தியா மார்க் 2 அடிபம்பின் கதை. 1970-களில் யுனிசெஃப் துணையோடு உருவாகி உலகமெங்கும் போன, உறுதியான பம்ப். ஆனால் உள்ளே தேய்ந்த அடைப்பு வளையத்தை (சீல்) மாற்றக் குழாய் முழுவதையும் மேலே இழுக்க வேண்டும்; அதற்குத் தனிக் கருவியும் ஆட்களும் வர வேண்டும். அதனால் வந்தது மார்க் 3: குழாயை அகலமாக்கி, பிஸ்டனை மட்டும் மேலே உருவி எடுக்கும்படி மாற்றினார்கள். உற்பத்தியாகும் தண்ணீரில் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை. பழுதுபார்ப்பவரின் வேலை குறைந்தது. இந்தத் திருத்தத்தை நான் எந்தப் புதுக் கண்டுபிடிப்பையும்விட மேலாக மதிக்கிறேன்.

தண்ணீர் வராத ஒரு மணி நேரம்

1.4 கிலோமீட்டர் குழாய் பதித்து முடித்த அன்று மாலை மேலே வால்வைத் திறந்தோம். கீழே ஊரே கூடி நிற்கிறது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி. ஒன்றும் வரவில்லை. நான் தரையில் உட்கார்ந்து கணக்கை மூன்றாவது முறையாகப் போட்டேன். கணக்கு சரியாகவே இருந்தது.

கூட்டத்தில் ஒரு விவசாயி, வயது அறுபதுக்கு மேல் இருக்கும், எதுவும் பேசாமல் குழாய்த்தடத்தோடு மேலே நடந்தார். இரண்டு இடத்தில் குனிந்து மண்ணை விலக்கிக் குழாயை விரல் முட்டியால் தட்டினார். மூன்றாவது இடம் சிறு மேடு. தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் தட்டினேன், கீழே 'தொம்' என்று வந்த சத்தம் இங்கே 'டங்' என்றது. இணைப்பை அரைச் சுற்று தளர்த்தினார். உஸ்ஸென்று ஒரு நிமிடம் காற்று வெளியேறியது, பிறகு தண்ணீர் துப்பியது, இறுக்கிவிட்டார். கீழேயிருந்து சத்தம் கேட்டது. வயலுக்கு நீர் பாய்ச்சியே பழகியவருக்குக் காற்றடைப்பு தெரியாமல் இருக்குமா?

மேடான இடங்களில் காற்று வெளியேற வால்வும், பள்ளமான இடங்களில் வண்டல் கழுவ வால்வும் வைக்க வேண்டும் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. எங்கள் வரைபடத்திலும் இருந்தது, ஆனால் அந்த மேடு வரைபடத்தில் இல்லை. அங்கே ஜிபிஎஸ்ஸை நம்பியிருந்தோம்.

பாதுகாப்புக்கு ஒரு வரி: ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தில் பக்கவாட்டு முட்டுக் கொடுக்காமல் யாரையும் இறக்காதீர்கள், மண் எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும். ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல்.

பக்கத்திலேயே செய்யும் வேலை

சொந்த இடத்தில் செய்வது சுலபம் என்று நினைத்துத்தான் ஒரு தொடக்கப்பள்ளிக்கு மழைநீர்த் தொட்டி கட்டினோம். மொழி தெரியும், ஆட்களைத் தெரியும், அதனால் கேட்கவே இல்லை. கூரை 120 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 120 லிட்டர், சேதாரம் போக 96. ஒரு நல்ல மழைக்கு, 20 மில்லிமீட்டர் பெய்தால், ஆயிரத்து தொள்ளாயிரம் லிட்டர். தொட்டியின் அடிவரை தண்ணீர் வீணாகக் கூடாது என்று திருகைத் தரையிலிருந்து 25 சென்டிமீட்டரில் வைத்தோம். பெருமையாக இருந்தது.

திறப்புநாளில் கூட்டிப் பெருக்கும் அம்மா வாளியோடு வந்தார். வாளி திருகுக்குக் கீழே போகவில்லை. சாய்த்துப் பார்த்தார், அப்போதும் போகவில்லை. "ஏம்மா, இதுல டம்ளர்லதான் பிடிக்கணுமா?" என்றார். இன்றைக்கும் எந்த வரைபடத்திலும் நான் முதலில் பார்ப்பது திருகின் உயரத்தைத்தான்.

கூரையின் தூசியோடு வரும் முதல் மழையை ஒதுக்கும் குழாயையும் வைத்திருந்தோம். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அதைத் திறந்து வடிக்க வேண்டும். யார் வடிப்பது என்று யாரிடமும் சொல்லவில்லை. அடியில் சிறு துளை போட்டுத் தானாகவே வடியும்படி பிறகு மாற்றினோம். மனிதர் நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய வேலையை எவ்வளவு குறைக்க முடியுமோ குறையுங்கள். மிஞ்சுவதற்கு ஆள் பெயர் எழுதுங்கள்.

நீங்கள் தேர்ச்சி பெற்றுப் போய்விடுவீர்கள்

திட்டம் ஐந்து வருடம், மாணவர் நான்கு வருடம். எங்கள் குழுவில் ஊற்றை அளந்தவர்களில் ஒருவர்கூடக் கடைசிப் பயணத்தில் இல்லை. அதனால் ஒவ்வொரு பயணத்திலும் பாதிப் பேராவது ஜூனியர்களாக இருக்கட்டும். வரைந்த வரைபடம் வேறு, கட்டியபின் உள்ளபடி வரைந்த வரைபடம் வேறு. இரண்டாவதைத் திரும்பி வந்த முதல் வாரத்திலேயே முடியுங்கள், தேர்வு வந்தால் மறந்துவிடும். சொதப்பியதையும் எழுதி வையுங்கள். கனடாவின் எல்லைகளற்ற பொறியாளர்கள் அமைப்பு 2008-லிருந்து தங்கள் தோல்விகளை அறிக்கையாகவே வெளியிட்டது. எங்கள் மரைக் கதையை ஜூனியர்கள் ஒவ்வோர் ஆண்டும் புதிய உறுப்பினர்களுக்குச் சொல்கிறார்கள். நான் அறையில் இருக்கும்போதும்கூட, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

பெட்டி

ஒப்படைக்கும்போது கொடுக்க வேண்டியது சாவியும் பெட்டியும். எங்கள் பெட்டியில், இரண்டாவது முறை, அந்த நாட்டிலேயே வாங்கிய திருகுகள், நூறு வாஷர், இரண்டு பைப் ரென்ச், இணைப்புகள், அவர்கள் மொழியில் படத்தோடு ஒரே ஒரு பக்கக் குறிப்பு. அதைவிட முக்கியமாக, மூன்று பேர் எங்கள் கண்முன்னால் ஒரு திருகைக் கழற்றி, வாஷரை மாற்றி, மறுபடி பூட்டிக் காட்டினார்கள். நாங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். மரக்கட்டை சீவியவர் அந்த மூவரில் ஒருவர். மாதச் சந்தாவை ஊரே முடிவு செய்தது; நாங்கள் சொன்னதெல்லாம் ஒரு கணக்குதான்: ஒவ்வொரு பாகமும் எத்தனை வருடம் தாங்கும், அதன் விலையை அத்தனை வருடத்தால் வகுத்தால் வருடத்துக்கு எவ்வளவு சேர வேண்டும் என்பது.

ஆறாம் ஆண்டில் அந்த ஆசிரியையிடமிருந்து ஒரு செய்தி வந்தது, கூடவே ஒரு படம். மூன்றாம் எண் குழாயைப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி, ஒரு மரத்தடிக்கு மாற்றிவிட்டார்களாம். வெயிலில் வரிசையில் நிற்க முடியவில்லை என்று. எங்களைக் கேட்கவில்லை, மாற்றி முடித்துப் பத்து நாள் கழித்துத்தான் சொன்னார்கள். வரைபடத்தை எடுத்துத் திருத்திக்கொண்டோம்.